75 வெற்றி, 100 தோல்வி: ஒரு பழைய பிட்ச்சரின் கணக்கைப் படிக்கும் முறை

பேஸ்பால் பதிவேட்டில் லீ ரிச்மண்ட் என்ற பிட்ச்சரின், அதாவது பந்து வீசுபவரின், பெயருக்கு நேரே ஒரே ஒரு வரிதான் இருக்கும். 1879 முதல் 1886 வரை. அவர் வீசியதில் அவர் பெயரில் பதிவான முடிவுகள்: 75 வெற்றி, 100 தோல்வி. நடுவில் 1884, 1885 இரண்டு ஆண்டும் ஆளே இல்லை. இதை மட்டும் பார்த்தால், வந்தார், தோற்றார், போனார் என்று அடுத்த பெயருக்கு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் பெரிய லீக் பேஸ்பாலின் முதல் பெர்ஃபெக்ட் கேமை வீசியவர் இவர்தான். 1880 ஜூன் 12 அன்று எதிரணியில் 27 முறை ஆள் பேட் பிடிக்க வந்தார், 27 முறையும் அவுட். ஒருவர்கூட முதல் பேஸை, அதாவது அடித்ததும் ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்தை, தொடவில்லை.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதிப் பழகியவன். அந்தப் பழக்கத்தில்தான் பழைய பேஸ்பால் ஸ்கோர் பட்டியல்களைப் படிக்க ஆரம்பித்தேன். 19ஆம் நூற்றாண்டு பிட்ச்சர்கள் பலர் நாலைந்து ஆண்டுக்கு மேல் தாங்கவில்லை. அவர்களுடைய எண்களை இன்றைய கண்ணால் பார்த்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். சரியாகப் படிக்க எனக்கு ஒரு முறை கைகூடியிருக்கிறது. ரிச்மண்டை வைத்தே அதைச் சொல்கிறேன். அந்தக் காலத்து வேறு எந்தப் பிட்ச்சருக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஆளை உறுதி செய்துகொள்ளுங்கள். இது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் இழந்திருக்கிறேன். அந்தக் கால நாளிதழ்கள் ஸ்கோர் பட்டியலில் குடும்பப் பெயரை மட்டும்தான் போடும். 'ரிச்மண்ட்' என்று இருந்தால் அது யார்? நம்முடைய ஆளின் முழுப் பெயர் ஜான் லீ ரிச்மண்ட். அதே ஆண்டுகளில் ஜான் ரிச்மண்ட் என்று இன்னொருவர் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டராக, ஆடிக்கொண்டிருந்தார். 1880இல் அவர் பாஸ்டன் அணியில். நம் ஆளும் 1879 செப்டம்பரில் அதே பாஸ்டனுக்கு ஓர் ஆட்டம் வீசியிருக்கிறார். நான் 1880 பாஸ்டன் பட்டியல்களில் 'ரிச்மண்ட்' என்று கண்ட இடமெல்லாம் குறித்து வைத்து, பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். அதனால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இட எழுத்தைப் பாருங்கள். பிட்ச்சருக்கு 'பி', ஷார்ட்ஸ்டாப்புக்கு 'எஸ்எஸ்'. அதையும் நம்பிவிடாமல் அணியின் பெயரோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிட்ச்சர்கள் வீசாத நாளில் அவுட்ஃபீல்டில் நிற்பது சாதாரணம்.

அடுத்து ஒரு தாளை எடுத்து ஐந்து பத்தி கோடு போடுங்கள். ஆண்டு, அவர் வீசிய இன்னிங்ஸ், அவருடைய வெற்றி தோல்வி, அணியின் வெற்றி தோல்வி, அந்த ஆண்டின் விதி. வலது ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டுவையுங்கள், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். எண்களை எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. 1880க்கு நேரே 590.2 இன்னிங்ஸ் என்று இருக்கும். இது தசமம் கிடையாது. கிரிக்கெட்டில் 19.2 ஓவர் என்றால் 19 ஓவரும் 2 பந்தும் என்று படிக்கிறோம் இல்லையா, அதே கதைதான். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆகவே 590.2 என்பது 590 இன்னிங்ஸும் 2 அவுட்டும். கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் கூட்டல் தப்பும்.

ரிச்மண்டின் இன்னிங்ஸ் பத்தி இப்படி வரும்: 1879இல் 9, 1880இல் 590.2, 1881இல் 462.1, 1882இல் 411, 1883இல் 92, 1886இல் 18. கூட்டினால் 1583. எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு அந்தப் பத்தியைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். 1583இல் 1464 மூன்றே ஆண்டுகளில் வந்தவை. எட்டு ஆண்டு என்று பதிவேடு சொல்வது உண்மையில் மூன்று ஆண்டு வாழ்க்கை. அதிலும் முதல் ஆண்டு மட்டும் 65 முழு ஆட்டத்துக்கு (ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ்) மேல் வரும் அளவு வீசியிருக்கிறார். இன்றைய பெரிய லீக்கில் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் தொடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் ஒரே ஆண்டில் அதைப்போல மூன்று மடங்கை நெருங்கியிருக்கிறார். அடுத்தடுத்த ஆண்டுகளில் எண் இறங்கிக்கொண்டே போவதையும் பாருங்கள். இந்த இறக்கத்தைப் பார்க்காமல் வெற்றி தோல்விக்குப் போகவே கூடாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கழித்தல்.

அணியின் கணக்கிலிருந்து அவருடைய கணக்கைக் கழியுங்கள். ரிச்மண்ட் ஆடிய வூஸ்டர் அணி மாசசூசெட்ஸில் இருந்த சின்ன நகரத்து அணி. 1880இல் அணிக்கு 40 வெற்றி, 43 தோல்வி. அதில் அவருடையது 32, 32. கழித்தால் மற்ற பிட்ச்சர்களுக்கு 8 வெற்றி, 11 தோல்வி. 1881இல் அணி 32, 50; அவர் 25, 26. மீதி 7 வெற்றி, 24 தோல்வி. 1882இல் அணி 18, 66. அவர் 14, 33. மீதி வெறும் 4 வெற்றி, 33 தோல்வி.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். அந்த ஆண்டு வூஸ்டர் ஜெயித்த 18 ஆட்டத்தில் 14 அவர் வீசியவை. அவர் வீசாத நாட்களில் அணி 37 ஆட்டத்தில் 4 மட்டுமே ஜெயித்தது. '14 வெற்றி, 33 தோல்வி' என்று தனியாகப் படித்தால் மோசமான பிட்ச்சர். கழித்துப் படித்தால், மூழ்கிக்கொண்டிருந்த அணியைத் தனியாளாகத் தாங்கியவர். நான் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்த இரவு தூங்கவே இல்லை. 100 தோல்வி என்ற எண்ணைப் பார்த்து அவரைக் கடந்துபோனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தோல்வி எண்ணிக்கை மொத்தமும் பிட்ச்சரின் கணக்கு என்று நினைப்பதே அந்தக் காலத்துக்குப் பொருந்தாத பழக்கம். ஃபீல்டர்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்கையால்தான் பந்து பிடித்தார்கள். பிழைகள் ஏராளம். அவற்றால் வந்த ரன்களும் தோல்வியில் சேரும். ரன் சராசரியைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 1880இல் அவருடைய இஆர்ஏ 2.15 என்று இன்று காட்டுகிறார்கள். பிழையால் வந்த ரன்களை ஒதுக்கிவிட்டு, 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு அது. வூஸ்டர் ஆடிய நேஷனல் லீக் என்ற பெரிய லீக் அதை அதிகாரபூர்வமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்ததே 1912இல். ரிச்மண்ட் காலத்து எண்கள் எல்லாம் பிற்காலத்தவர்கள் பழைய பட்டியல்களைத் தோண்டி எடுத்துப் போட்டவை. பயன்படுத்தலாம், ஆனால் அதை வைத்து இன்றைய பிட்ச்சரோடு ஒப்பிடாதீர்கள். அதே ஆண்டு ஆடியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

விதிப் பத்திக்கு வருவோம். இதை நிரப்பாதவரை மற்ற எண்களுக்கு அர்த்தமே கிடையாது. 1880இல் பிட்ச்சர் நின்றது மேடான மண் திட்டில் அல்ல, தரையில் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள். கட்டத்தின் முன்கோட்டிலிருந்து பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பேஸுக்கு 45 அடி. கிரிக்கெட் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு நெருக்கம் என்று புரியும். கை இடுப்புக்குக் கீழே வந்துதான் பந்தை விட வேண்டும். பேட்ஸ்மேன் வந்து நின்றதும் பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம். பிட்ச்சர் அங்கேதான் போட வேண்டும். மறுபக்கம், 8 மோசமான பந்து போட்டால்தான் பேட்ஸ்மேனுக்கு இலவசமாக முதல் பேஸ், இன்று போல 4 அல்ல. ஃபவுலாக, அதாவது பக்கக்கோட்டுக்கு வெளியே, போன பந்து ஒரு தடவை தரையில் பட்டு எழும்பிய பிறகு பிடித்தாலும் அவுட். நம் தெரு ஆட்டத்து 'ஒன் பிட்ச் கேட்ச்' மாதிரி.

1881இல் தூரம் 50 அடியானது, மோசமான பந்து 7 ஆகக் குறைந்தது. 1884இல் நேஷனல் லீக்கில் கையைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து வீசவும் அனுமதி வந்தது. இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. இந்த ஆண்டுகளை ஐந்தாம் பத்தியில் எழுதிவிட்டு ரிச்மண்டின் வரிகளைப் பாருங்கள். அவருடைய உச்சம் 45 அடி ஆண்டில். தூரம் கூடிய ஆண்டிலிருந்து எண்கள் இறங்குகின்றன. இதற்கு தூரம் மட்டும் காரணமா, 590 இன்னிங்ஸ் வீசிய கையின் களைப்பா, அணி கெட்டுப்போனதா? மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள், மூன்றையும் அந்த வரிக்கு நேரே எழுதிவிட்டு நகருங்கள்.

இன்னொன்றையும் ஐந்தாம் பத்தியில் சேர்த்துவிடுங்கள்: இடது கை. பெரிய லீக்கில் பேர் வாங்கிய முதல் இடது கைப் பிட்ச்சர்களில் அவர் ஒருவர். 1879 ஜூன் 2 அன்று வூஸ்டருக்காக முதல் முறை இறங்கிய, லீக் கணக்கில் சேராத ஒரு காட்சி ஆட்டத்திலேயே, சிகாகோ அணிக்கு 7 இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூட (பேட்ஸ்மேன் பேஸை எட்ட வைக்கும் அடி) கொடுக்காமல் வீசினார். அப்போது பிரவுன் பல்கலைக்கழக மாணவர்.

எண்கள் முடிந்ததும் ஒரு நாளை மட்டும் எடுத்துக் கிட்டே போய்ப் பாருங்கள். எல்லா ஆட்டத்தையும் தேட ஆரம்பித்தால் அலுத்துவிடும். அவரை எந்த நாளால் ஊர் நினைவில் வைத்திருக்கிறதோ அதை எடுங்கள். ரிச்மண்டுக்கு 1880 ஜூன் 12, சனிக்கிழமை. வூஸ்டர் கண்காட்சித் திடலில், க்ளீவ்லாந்துக்கு எதிராக. முடிவு 1-0.

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையச் சேகரிப்பில் அந்தக் கால நாளிதழ்களின் ஸ்கேன்கள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. ஆட்டம் நடந்த தேதியில் தேடாதீர்கள், செய்தி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வரும். ஸ்கேன் எழுத்து பொடியாகவும் மை பரவியும் இருக்கும். 3, 8 இரண்டும் ஒன்றாகத் தெரியும். பெரிதாக்கி, திரையில் ஓர் அடிக்கோலை வரிக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். பத்தியின் அடியில் இருக்கும் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் 3 எது, 8 எது என்பது தெரிந்துவிடும். 9 இன்னிங்ஸ் ஆட்டம் என்றால் ஜெயித்த அணியின் புட் அவுட் (அவுட்டை முடித்தவரின் கணக்கு) கூட்டுத்தொகை 27 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

ஸ்கோர் பட்டியலில் எல்லாரும் ரன்னையும் ஹிட்டையும் பார்ப்பார்கள். நீங்கள் அசிஸ்ட் பத்திக்குப் போங்கள். அதாவது, பந்தை எடுத்து எறிந்து இன்னொருவர் அவுட் ஆக்க உதவியதன் கணக்கு. ரைட் ஃபீல்டரின் வரிசையில் அசிஸ்ட் இருந்தால் அங்கே நில்லுங்கள். எல்லைப்பக்கம் நிற்கிறவர் எப்படி அவுட் ஆக்க உதவினார்? இந்த ஆட்டத்தில் அதற்குப் பின்னால் ஒரு பெரிய தருணம் இருக்கிறது. க்ளீவ்லாந்தின் பில் ஃபிலிப்ஸ் பந்தை வலது பக்கம் இடைவெளியில் அடித்தார். எவர் பார்த்தாலும் ஹிட். ரைட் ஃபீல்டர் லான் நைட் ஓடி வந்து பந்தை எடுத்து நேரே முதல் பேஸுக்கு எறிந்தார். ஃபிலிப்ஸ் வந்து சேர்வதற்குள் பந்து வந்துவிட்டது. இன்றைய குறியீட்டில் 9-3: 9 என்பது ரைட் ஃபீல்டர், 3 என்பது முதல் பேஸ்மேன். அந்த ஓர் எறிதல் அரை நொடி தாமதமாகியிருந்தால் இன்று ரிச்மண்டின் பெயரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

அடுத்து எதிரணியின் பிழைப் பத்தி. க்ளீவ்லாந்துக்கு வீசிய ஜிம் மெக்கார்மிக்கும் அன்று அருமையாக வீசினார், 3 ஹிட் மட்டுமே கொடுத்தார். ஆட்டத்தின் ஒரே ரன் 5ஆவது இன்னிங்ஸில், இரண்டாம் பேஸ்மேன் ஃப்ரெட் டன்லாப்பின் பிழையில் வூஸ்டரின் ஆர்தர் இர்வின் ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்ததால் வந்தது. வூஸ்டர் பக்கம் பிழையே இல்லை. கையுறை இல்லாத காலத்தில் 9 பேரும் சேர்ந்து 27 அவுட் வரை ஒரு பந்தையும் நழுவவிடாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்பதைப் பிழைப் பத்திகளைத் தொடர்ந்து படித்துவந்தால்தான் உணர முடியும். 8ஆவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் சில நிமிடம் நின்றது. திரும்ப வந்தபோது பந்து நழுவாமல் இருக்க மரத்தூளில் புரட்டிப் புரட்டி வீசினார் ரிச்மண்ட்.

'பெர்ஃபெக்ட் கேம்' என்ற சொல்லை அந்த நாளிதழ்களில் தேடிப் பயனில்லை. அந்தப் பெயர் அப்போது புழக்கத்தில் இல்லை. ஒருவரும் முதல் பேஸ் போகவில்லை என்று விவரித்து எழுதியிருப்பார்கள். பின்னால் வந்த பெயரை வைத்துப் பழைய தாளில் தேடினால் எதுவும் அகப்படாது; நடந்ததைச் சொல்லும் சொற்களை வைத்துத் தேடுங்கள்.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 17 அன்று, ப்ராவிடன்ஸ் அணியின் ஜான் மான்ட்கமரி வார்ட் பஃபலோவுக்கு எதிராக இரண்டாவது பெர்ஃபெக்ட் கேமை வீசினார். 5-0. அதற்கடுத்து நேஷனல் லீக்கில் அடுத்தது வர 84 ஆண்டு ஆனது, 1964இல் ஜிம் பன்னிங். வார்டும் நீண்ட நாள் பிட்ச்சராக இருக்கவில்லை. கை போனதும் ஷார்ட்ஸ்டாப்பாக மாறினார், சட்டம் படித்தார், ஆட்டக்காரர்களுக்காகச் சங்கம் அமைத்தார். ரிச்மண்டுக்குத் தாள் போட்டு முடித்ததும் அடுத்து வார்டுக்குப் போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி, வலது ஓரத்தில் விட்டுவைத்த அந்த விரற்கடை இடம். அதில் அந்த ஆண்டு மைதானத்துக்கு வெளியே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். குறுகிய வாழ்க்கைகளின் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஆட்டப் புள்ளிவிவரத்தில் கிடைக்காது.

1880க்கு நேரே 'பிரவுன் பல்கலைக்கழகம், கடைசி ஆண்டு' என்று எழுதுங்கள். பெர்ஃபெக்ட் கேமுக்கு முந்தைய இரவு அவருடைய வகுப்பின் பட்டமளிப்புக் கொண்டாட்டம். இரவு முழுக்க விழித்திருந்தார். விடியற்காலை 4.50 மணிக்கு வகுப்பு மாணவர்களோடு ஒரு பேஸ்பால் ஆட்டம் ஆடினார். 6.30 மணிக்குப் படுத்தார். 11.30 ரயிலைப் பிடித்து ப்ராவிடன்ஸிலிருந்து வூஸ்டர் போனார். பிற்பகல் 27 பேரை வரிசையாக அனுப்பினார். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, பட்டம் வாங்கினார். அந்த ஆண்டின் 32 வெற்றிக்கும் 32 தோல்விக்கும் பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள், அந்த 32க்கு ஒரு முகம் வந்துவிடும். 23 வயது. பாடப் புத்தகமும் ரயில் அட்டவணையும் கையில்.

1881, 1882க்கு நேரே 'மருத்துவப் படிப்பு'. ஆட்டம் அவருக்கு வாழ்க்கைத் தொழிலாக இருக்கப்போவதில்லை என்பது அப்போதே தெரிகிறது. 1882க்கு நேரே அணியின் கதையையும் எழுதுங்கள். செப்டம்பர் 28 அன்று ட்ராய் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க வூஸ்டரில் வந்தவர்கள் 6 பேர். மறுநாள் கடைசி ஆட்டத்துக்கு 25 பேர். அந்தச் சீசனோடு வூஸ்டர் லீக்கில் இல்லை. 1883இல் ப்ராவிடன்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே சார்லஸ் ராட்பர்ன் என்ற மாபெரும் பிட்ச்சர் பெரும்பாலான ஆட்டங்களைத் தானே வீசிக்கொண்டிருந்தார். ரிச்மண்ட் வீசிய நாட்களைவிட அவுட்ஃபீல்டில் நின்ற நாட்கள் அதிகம். 3 வெற்றி, 7 தோல்வி. 1886இல் சின்சினாட்டியில் 18 இன்னிங்ஸ், 2 தோல்வி, அவ்வளவுதான்.

பலர் தாளை இங்கே மடித்துவிடுவார்கள். மடிக்காதீர்கள். 1886க்குக் கீழே ஒரு கோடு போட்டு, இன்னும் நாலு வரி எழுத இடம் வையுங்கள். ரிச்மண்ட் மருத்துவராகத் தொழில் செய்தார். பிறகு அதை விட்டுவிட்டு ஓஹியோவின் டொலிடோ நகரத்தில் பள்ளி ஆசிரியரானார், கணக்கு சொல்லிக்கொடுத்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டொலிடோ பல்கலைக்கழகத்திலும் பணி செய்தார். 1929 அக்டோபர் 1 அன்று அதே நகரத்தில் காலமானார். மூன்று ஆண்டு பிட்ச்சர், பல பத்தாண்டு ஆசிரியர். நானும் கரும்பலகை முன்னால் நிற்கிறவன் என்பதால் இந்த நாலு வரியை எழுதும்போது எழுத்து கொஞ்சம் பெரிதாகவே வந்துவிடுகிறது.

டொலிடோ நாளிதழ்களின் ஸ்கேன்களில் அவரைத் தேடும்போது விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளிச் செய்திகள், ஆண்டுவிழாப் பட்டியல்கள், பழைய மாணவர் சந்திப்புகள் எல்லாவற்றிலும் பாருங்கள். தேடும்போது 'பேராசிரியர் ரிச்மண்ட்', 'ஜே. லீ ரிச்மண்ட்' இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.